ஒரே சத்தம்தானா? கன்வெர்ஜ் குழுவின் முப்பது ஆண்டுகள்

நண்பர் சொன்னாரே என்று கன்வெர்ஜ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஜேன் டோ’ ஆல்பத்தைக் கேட்கத் தொடங்கி, மூன்றாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மெட்டாலிகா, ஸ்லேயர் போன்ற மெட்டல் குழுக்கள் பழகிய காதுதான், ஆனாலும் இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை என்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே கத்தல்தான் என்றால், ‘படைப்பு வளர்ச்சி’ என்று விமர்சகர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் எனக்குக் கேட்கிறது. பாடத்தக்க மெட்டு இல்லை, சொல் புரியவில்லை, தாளம் காலை வாருகிறது. இவர்கள் இதைத் தெரிந்துதான் செய்கிறார்களா என்ற சந்தேகம் அது. நியாயமான சந்தேகம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். பக்திப் பாடல்கள், விளம்பரங்கள், அவ்வப்போது இளைஞர்களின் ராக் குழுக்கள் என்று கைக்கு வந்ததையெல்லாம் பதிவுசெய்திருக்கிறேன். கன்வெர்ஜை மேடையில் பார்த்ததில்லை. அவர்களுடைய ரசிகர்களில் பலர் மேடையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பதிவில் இருப்பதைப் பற்றிப் பேச முடியும். கிதார் எங்கே நிற்கிறது, குரல் ஏன் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது, ஒரு ஆல்பத்துக்கும் அடுத்ததற்கும் கைவேலை எப்படி மாறியது என்பதெல்லாம் என் தொழிலுக்குள் வருகிற விஷயங்கள்.

குழு 1990இல் சேலம் ஊரில் தொடங்கியது. நம் சேலம் இல்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே கடலோரமாக இருக்கும் சேலம், 1692இல் சூனிய வழக்குகள் நடந்த அதே ஊர். ஜேகப் பேனன் பாடகர், கர்ட் பலூ கிதார் வாசிப்பவர். இருவரும் அப்போது பள்ளி வயதுப் பையன்கள். அந்தப் பக்கத்துப் பையன்களின் காதில் இரண்டு வகை இசை ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று, 1980களின் தொடக்கத்தில் பாஸ்டனில் எஸ்எஸ் டிகன்ட்ரோல், கேங் கிரீன் போன்ற குழுக்கள் வாசித்த ஹார்ட்கோர் பங்க். இன்னொன்று, நீங்கள் சொன்ன ஸ்லேயர் வழி வந்த மெட்டல்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். மெட்டலில் கைத்திறனுக்கு மதிப்பு அதிகம். விரல் வேகம், துல்லியம், நீண்ட கிதார் தனி ஆவர்த்தனம், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. ஹார்ட்கோரில் அந்த இடைவெளியை உடைப்பதுதான் மதிப்பு. பாட்டு ஒன்றரை நிமிடம், மூன்று ஸ்வரக்கோவை போதும், மைக் கூட்டத்துக்குள் போய்விடும், பாடகருக்கும் கேட்பவருக்கும் ஒரே உயரத் தரை. ‘மெட்டாலிக் ஹார்ட்கோர்’ என்பது ஹார்ட்கோரின் அவசரத்துக்கு மெட்டலின் எடையும் விரல் வேலையும் சேர்ந்தால் கிடைப்பது. இதைக் கண்டுபிடித்தது கன்வெர்ஜ் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நியூயார்க்கின் குரோ-மேக்ஸ் 1986லேயே அந்த வழியில் நடந்தது. கிளீவ்லாண்டின் இன்டெக்ரிட்டி 1991இல் அதை இன்னும் இருட்டாக்கியது. கன்வெர்ஜ் வந்தபோது பாதை போட்டாகிவிட்டது.

1994இல் வந்த முதல் ஆல்பம் ‘ஹேலோ இன் எ ஹேஸ்டேக்’. நேர்மையாகச் சொன்னால், இது வரலாற்றுக்காகக் கேட்க வேண்டியது. நல்ல மாணவர்கள் பல ஆசிரியர்களிடம் ஒரே நேரத்தில் படிப்பது போல இருக்கும். 1996இன் ‘பெட்டிஷனிங் தி எம்டி ஸ்கை’ வேறு விஷயம். அதில் ‘தி சேடஸ்ட் டே’ என்று ஏழு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஹார்ட்கோர் குழு ஏழு நிமிடம் வாசிப்பதே அப்போது வழக்கம் மீறல். மெட்டல் ரிஃப் ஒன்று, அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் குறுங்கிதார் வரி, சீறிக்கொண்டு வருகிறது, அதை ஒரு பல்லவி போலத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று காத்திருக்கிறோம், கொடுப்பதில்லை. ஒரு பகுதி முடிந்தால் முடிந்ததுதான். அடுத்தது அதன்மேல் ஏறி நிற்கிறது. இந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போகவே இல்லை. மேலை ராக் பாட்டில் நம்மைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது திரும்ப வரும் பல்லவிதான். நீங்கள் மூன்றாவது பாட்டில் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1998இல் ‘வென் ஃபாரெவர் கம்ஸ் கிராஷிங்’. டுடே இஸ் தி டே குழுவின் ஸ்டீவ் ஆஸ்டின் தயாரித்தது. பாட்டுகள் வளர்ந்திருக்கின்றன, பதிவு பாட்டுகளின் அளவுக்கு வரவில்லை என்பது என் கருத்து. தாளமும் கிதாரும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. இந்த ஆல்பத்தில் பேஸ் கிதார் வாசித்தவர் ஸ்டீவன் பிராட்ஸ்கி என்பதை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்பி வருவார். அவர் கேவ் இன் குழுவைச் சேர்ந்தவர், கொஞ்ச காலம்தான் இங்கே இருந்தார். அவருக்குப் பிறகு பேஸுக்கு நேட் நியூட்டன் வந்தார், டிரம்ஸுக்கு பென் கோலர் வந்தார். அந்த நால்வர் கூட்டணி அதன் பிறகு கலையவே இல்லை.

இங்கே நின்று பலூவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கன்வெர்ஜின் வளர்ச்சியை விளக்கும் சாவி அவர் கையில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அவர் பொறியியல் படித்தவர். மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘காட்சிட்டி’ என்ற சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தையும் நடத்திவந்தார். வேலை போனபோது கையில் கிடைத்த தொகையைக் கூடத்தில் போட்டார். 1998லேயே கேவ் இன் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்திருந்தார். பிறரைப் பதிவுசெய்து பதிவுசெய்துதான் ஒரு ஒலிப்பதிவாளருக்குக் காது முற்றும். தன் கிதாரை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வாசிப்பாளர் தன் கிதாரை இன்னும் சத்தமாக வைக்கச் சொல்வார். அடுத்தவர் கிதாரை நூறு முறை பதிவுசெய்தவருக்கோ எப்போது தன் கிதாரைக் குறைக்க வேண்டும் என்று தெரியும்.

அந்தக் காதோடு செய்ததுதான் ‘ஜேன் டோ’. 2001 செப்டம்பர் 4இல் வெளியானது, பன்னிரண்டு பாட்டுகள், ஏறக்குறைய 45 நிமிடம். பலூவோடு மேத்யூ எல்லார்ட் என்ற அனுபவமுள்ள ஒலிப்பொறியாளரும் சேர்ந்து வேலை செய்தார். நியூட்டனும் கோலரும் வாசித்த முதல் கன்வெர்ஜ் ஆல்பம் இது. இரண்டாம் கிதார் வாசித்த ஆரன் டால்பெக்குக்கு இதுவே கடைசி. தலைப்பு, அமெரிக்க நீதிமன்றங்களிலும் பிணவறைகளிலும் பெயர் தெரியாத பெண்ணுக்கு வைக்கும் பெயர். வரிகள் ஓர் உறவு முறிந்ததைப் பற்றியவை; பேனனே அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் யார், என்ன நடந்தது என்று தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பெயர் தெரியாதவள்’ என்றே ஒருவர் தலைப்பு வைத்த பிறகு அதைத் துருவுவது அழகில்லை.

முதல் பாட்டு ‘காங்குபைன்’ ஒரு நிமிடம் பத்தொன்பது விநாடி. அறிமுகம் இல்லை, எண்ணிக்கை இல்லை. கதவைத் திறந்தவுடன் சண்டை நடந்துகொண்டிருக்கும் அறைக்குள் நுழைந்தது போல இருக்கும். அடுத்த முறை கேட்கும்போது குரலை விட்டுவிடுங்கள், கிதாரையும் விட்டுவிடுங்கள், கோலரின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். வேகம் ஏறுகிறது, முறிகிறது, பாதியில் எடை கூடி இழுபடுகிறது. அந்த இழுப்பு வரும் இடத்தில் நால்வரும், அப்போது ஐவர், ஒரே நொடியில் கால் வைக்கிறார்கள். குழப்பத்தில் யாரும் அப்படிக் கால் வைக்க முடியாது. எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தால்தான் வரும். தெரிந்து செய்கிறார்களா என்ற சந்தேகத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் இந்த இடம்தான்.

காதைக் குத்தும் அந்தக் கிதார் ஒலிக்கு வருவோம். கிதார் வழக்கமான சுருதியிலிருந்து நன்றாக இறக்கப்பட்டு, கம்பிகள் தளர்ந்து, அடித்தால் உறுமும் நிலையில் இருக்கிறது. அதன்மேல் பலூ வேண்டுமென்றே உறுத்தும் ஸ்வரங்களைச் சேர்க்கிறார். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம்: ஸட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றை ஒன்று உரசி அதிரும். அந்த அதிர்வை டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் முறை, இன்னும் பெரிதாக்கும். மற்றவர்கள் பிழை என்று திருத்தும் உரசலை இவர் தன் பாட்டின் தசையாக வைத்துக்கொண்டார். நியூட்டனின் பேஸிலும் டிஸ்டார்ஷன் உண்டு. அதனால் அடிப்பகுதி மெத்தை போல அமைதியாக இல்லாமல் சரளைக்கல் போல நொறுநொறுப்பாக இருக்கிறது. ஸ்லேயர் பழகிய காதுக்கு வெட்டுப்பட்ட சுத்தமான விளிம்பு தேவைப்படும். இங்கே விளிம்பை வேண்டுமென்றே கிழித்திருக்கிறார்கள்.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். பேனனின் சொற்கள் புரியவில்லை என்பது உண்மை. எனக்கும் வரிகள் உள்ள தாளைப் பார்க்காமல் பத்தில் ஒரு சொல்தான் பிடிபடும். ஆனால் ஒப்பாரி வைப்பவர் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்று நம் ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. துக்கம் சொல்லை விழுங்குவது துக்கத்தின் இயல்பு என்று நமக்குத் தெரியும். ‘ஜேன் டோ’வில் குரலை மற்ற கருவிகளுக்கு மேலே நிறுத்தாமல் அவற்றுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். அது ஒலிக் கலவையில் (மிக்ஸிங்) நேர்ந்த தவறு இல்லை. முன்னால் நின்று கதை சொல்லும் பாடகராக அவர் இருக்கக் கூடாது, இடிபாட்டுக்குள்ளிருந்து கத்துகிற ஆளாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த தேர்வாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. வரிகளைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்; வசவு அதிகம் இருக்காது, இழப்பும் குற்ற உணர்வும்தான் நிறைந்திருக்கும்.

நீங்கள் கேட்காமல் விட்ட பாதியில்தான் இந்த ஆல்பத்தின் அமைப்பு வெளிப்படுகிறது. நான்காவது பாட்டு ‘ஹெல் டு பே’யில் வேகம் நின்றுவிடுகிறது, பேஸ் முன்னால் நடக்கிறது, குரல் தாழ்கிறது. ஒன்பதாவது ‘ஃபீனிக்ஸ் இன் ஃப்ளைட்’ மெதுவாக அகன்று விரிகிறது. அது முடிந்த கையோடு வருகிற ‘ஃபீனிக்ஸ் இன் ஃப்ளேம்ஸ்’ 42 விநாடிதான், அதில் டிரம்ஸும் குரலும் மட்டும். கிதாரை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். நாற்பது நிமிடக் கிதார் சுவருக்கு நடுவே அந்த 42 விநாடி எப்படித் திறந்துகிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கடைசிப் பாட்டான ‘ஜேன் டோ’ பதினொன்றரை நிமிடம். சோகமான ஒரு கிதார் வரி திரும்பத் திரும்ப எழுந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் அகலமாக விழுகிறது. முதல் பாட்டின் ஒரு நிமிடம் பத்தொன்பது விநாடி முதல் கடைசிப் பாட்டின் பதினொன்றரை நிமிடம் வரை ஒரே கோட்டில் வரைந்திருக்கிறார்கள். கோபத்தில் தொடங்கி, களைத்து, அழுது முடிப்பது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான்கு கல்லூரிப் பையன்கள் என் கூடத்துக்கு வந்தார்கள். ‘ஜேன் டோ’ ஒலி வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு நாள் ஆம்ப்பை மாற்றினோம், மைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம், டிஸ்டார்ஷனைக் கூட்டினோம். கூட்டக் கூட்டக் கிதார் சிறுத்துக்கொண்டே போனது. மூன்றாம் நாள் டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கம்பியை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னேன். ஒலி சட்டென்று பெரிதானது. டிரம்ஸ் வாசித்த பையனிடம் சிம்பலை மெல்ல அடித்து ஸ்னேரை ஓங்கி அடிக்கச் சொன்னதும் பாதிச் சேறு வடிந்துவிட்டது. அந்த ஆல்பத்தின் வன்மை கருவியின் குமிழில் இல்லை, வாசித்தவர்களின் தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது என்பதை அன்றுதான் என் கையால் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன்கள் கடைசியில் வேறொரு ஒலியோடு போனார்கள். அது அவர்களுடையதாக இருந்தது.

‘ஜேன் டோ’தான் மெட்டலும் ஹார்ட்கோரும் கலந்த மெட்டல்கோரைத் தொடங்கிவைத்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அந்தக் கூற்றை அப்படியே ஏற்க முடியாது. அந்தச் சொல்லும் அந்த இசையும் அதற்கு முன்பே இருந்தன. சிக்கலான தாளத்தோடு வன்மையைக் கலப்பதிலும் இவர்கள் தனியாக இல்லை. 1999லேயே பாட்ச் குழுவும் டில்லிஞ்சர் எஸ்கேப் பிளான் குழுவும் தங்கள் பெரிய ஆல்பங்களை வெளியிட்டுவிட்டன. பிரிட்டனின் டெரரைசர் பத்திரிகை 2001இன் சிறந்த ஆல்பமாக ‘ஜேன் டோ’வைத் தேர்ந்தெடுத்தது என்பது உறுதியான செய்தி. அதில் உள்ள ‘ஹெவன் இன் ஹெர் ஆர்ம்ஸ்’ என்ற பாட்டின் பெயரையே ஒரு ஜப்பானியக் குழு தன் பெயராக வைத்துக்கொண்டதும் உறுதி. இந்த வன்மையை உடைந்த மனதுக்குப் பயன்படுத்தலாம் என்று இவ்வளவு முழுமையாகக் காட்டியது இந்த ஆல்பம்தான் என்பது மட்டும் என் தீர்ப்பு. இதில் மாறுபடுகிறவர்களிடம் நான் சண்டைக்கு நிற்க மாட்டேன்.

ஆல்பம் பதிவான பிறகு டால்பெக் விலக நேர்ந்தது. அவர் பேன் என்ற இன்னொரு குழுவிலும் இருந்தார், இரண்டுக்கும் நேரம் கொடுக்க முடியவில்லை. அவருக்குப் பதில் ஆள் தேடாமல் ஒற்றைக் கிதாரோடு தொடர முடிவு செய்தார்கள். இது பலர் கவனிக்காமல் கடந்துபோகும் திருப்பம். இரண்டு கிதார் இருந்தால் ஒன்று சுவராக நிற்கும், மற்றது அதன்மேல் கோலம் போடும். ஒன்றுதான் என்றால் கிதார் கோலம் போடப் போகும்போது சுவர் காணாமல் போகும். அந்த இடத்தை நியூட்டனின் பேஸ் நிரப்பியாக வேண்டும், அல்லது வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடத் துணிய வேண்டும். இரண்டையும் அவர்கள் கற்றுக்கொண்டதை அடுத்த ஆல்பத்தில் கேட்கலாம். ஆள் குறைந்ததுதான் காரணம் என்று அவர்கள் சொன்னதாக நான் சொல்லவில்லை. பதிவுகளை வரிசையாகக் கேட்ட ஒருவரின் ஊகம் இது.

அந்த அடுத்த ஆல்பம் 2004இன் ‘யூ ஃபெயில் மீ’. பேட் ரிலிஜன் குழுவின் பிரெட் குரேவிட்ஸ் நடத்தும் எபிடாஃப் நிறுவனத்தில் வெளிவந்தது. ‘ஜேன் டோ’வின் இன்னொரு பிரதியை எதிர்பார்த்தவர்களுக்கு எலும்பாகத் தேய்ந்த இசை கிடைத்தது. ‘இன் ஹெர் ஷேடோ’வில் அகூஸ்டிக் கிதார், மெதுநடை. தலைப்புப் பாட்டு ஒரே அடியைக் கல்லுடைப்பது போல அடித்துக்கொண்டே போகிறது. அதன் கலவை அவர்களுக்கே நிறைவு தரவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016இல், பலூ அதை மறுபடியும் கலந்து ‘ரீடக்ஸ்’ என்று வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒலிப்பதிவு மாணவர்களுக்கு அதுவே ஒரு பாடம்.

2006இன் ‘நோ ஹீரோஸ்’ பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். குறும்பாட்டுகள் மூச்சுவிடாமல் அடுத்தடுத்து மோதுகின்றன. நடுவே ‘கிரிம் ஹார்ட்/பிளாக் ரோஸ்’ என்ற நீண்ட பாட்டில் ஜோனா ஜென்கின்ஸ் என்ற வேறொரு பாடகரின் தெளிந்த குரல் கேட்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்துபார்த்திருக்கிறார்கள். 2009இன் ‘ஆக்ஸ் டு ஃபால்’ அந்தக் கதவை அகலமாகவே திறந்தது. நண்பர்கள் பலர் வந்து வாசித்தார்கள். நியூரோசிஸ் குழுவின் ஸ்டீவ் வான் டில் ‘குரூயல் புளூம்’ பாட்டில் இரவு விடுதிப் பாடகரைப் போலத் தாழ்ந்த குரலில் பாடுகிறார். உங்களைப் போல மெட்டலிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘டார்க் ஹார்ஸ்’ உடனே பிடிக்கும். அதன் ரிஃப் நேராக வயிற்றில் இறங்கும்.

2012இன் ‘ஆல் வீ லவ் வீ லீவ் பிஹைண்ட்’ எனக்கு மிக நெருக்கமானது. விருந்தினர் ஒருவரும் இல்லை, நால்வர் மட்டும். ‘ஏம்லெஸ் ஏரோ’ என்ற முதல் பாட்டில் பேனன் பாதி பேசி, பாதி பாடி, வரியைத் தெளிவாகவே தருகிறார். இருபது ஆண்டு கத்திய தொண்டையிலிருந்து வரும் அந்தத் தெளிவுக்கு ஒரு களைப்பின் அழகு இருக்கிறது. ஆண்டில் பல மாதம் வண்டியில் ஊர் ஊராகப் போகிறவர்கள் வீட்டில் இழப்பது என்ன என்பதுதான் தலைப்பின் பொருள். ‘கோரல் ப்ளூ’வில் நால்வரும் சேர்ந்து ஒரு மெல்லிய மெட்டைத் தூக்கிச் செல்வதைக் கேளுங்கள். ‘ஜேன் டோ’வில் மெல்லிசை என்பது புயலுக்கு நடுவே வரும் ஓய்வு. இதில் மெல்லிசையும் புயலும் ஒரே வரிக்குள் இருக்கின்றன. வளர்ச்சி எது என்று கேட்டீர்களே, நான் விரல் வைத்துக் காட்டும் இடம் இது.

2017இன் ‘தி டஸ்க் இன் அஸ்’ ஒரு தந்தையின் குரலில் தொடங்குகிறது. முதல் பாட்டில், குழந்தையை முதன்முதலாகக் கையில் ஏந்தியபோது இனி உயிரோடிருந்தே தீர வேண்டும் என்று தோன்றியதைப் பாடுகிறார். 2001இல் பிரிவின் இடிபாட்டில் கிடந்தவரின் அடுத்த பக்கம் இது. அதே ஆல்பத்தில் ‘ஆர்கிபோவ் காம்’ என்று ஒரு பாட்டு. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து அணு டார்பிடோவை ஏவச் சம்மதிக்காத வசீலி ஆர்கிபோவின் பெயர் அது. உலகமே கத்திய நேரத்தில் அமைதியாக ‘வேண்டாம்’ என்ற ஒரு மனிதரை, கத்தும் இசைக்குள் வைத்திருக்கிறார்கள். இவர்களுடைய கத்தலில் வன்முறைப் பிரியம் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

பிறகு 2021இல் ‘பிளட்மூன்: ஒன்று’. இதன் விதை 2016இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடக்கும் ரோட்பர்ன் விழாவில் விழுந்தது. அங்கே ஒரு நிகழ்ச்சியில் ‘ஜேன் டோ’வை முழுவதுமாக வாசித்தார்கள், இன்னொன்றில் செல்சி வுல்ஃப், பென் சிஷோம், நினைவில் வைக்கச் சொன்னேனே அந்த ஸ்டீவன் பிராட்ஸ்கி ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு தங்கள் மெதுவான பாட்டுகளை எடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே எழுவரும் புதிய பாட்டுகளோடு ஆல்பம் செய்தார்கள். செல்சி வுல்ஃபின் நீண்ட, புகைபோன்ற குரலும் பேனனின் கிழிந்த குரலும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதைக் கன்வெர்ஜ் ஆல்பமாகவே கணக்கில் எடுப்பதில்லை. எனக்கோ ‘ஜேன் டோ’வின் கடைசிப் பதினொன்றரை நிமிடத்தில் போட்ட விதை இருபது ஆண்டு கழித்து மரமானதாகவே படுகிறது. சில பாட்டுகள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. அட்டைப்படத்தைப் பாடகரே வரைகிறார். ‘ஜேன் டோ’ அட்டையில் உள்ள அந்தப் பெண் முகம் பேனனின் வேலை, இன்று ஆயிரக்கணக்கான சட்டைகளில் இருக்கிறது. அவர் நண்பரோடு சேர்ந்து டெத்விஷ் என்ற வெளியீட்டு நிறுவனமும் நடத்துகிறார். ஒலிப்பதிவைக் கிதார்காரரே செய்கிறார். அதே காட்சிட்டிக் கூடத்தில் நெய்ல்ஸ், கோட் ஆரஞ்ச் போன்ற அடுத்த தலைமுறைக் குழுக்களும் பதிவாகியிருக்கின்றன. 2019இல் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி விருது பெற்ற ஹை ஆன் ஃபயரின் ‘எலெக்ட்ரிக் மெசையா’வைத் தயாரித்தவரும் பலூதான். மற்ற இருவரும் வேறு குழுக்களில் வாசித்துவிட்டு, அங்கே கற்றதோடு திரும்பி வருகிறார்கள். வெளியாள் ஒருவர் வந்து ‘இப்படி மாறுங்கள்’ என்று சொல்ல இடமே இல்லாததால் மாற்றம் உள்ளிருந்து, மெதுவாக வந்திருக்கிறது. வெளியிலிருந்து கேட்பவருக்கு அது ஒரே சத்தமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மரம் வளர்வதை நின்று பார்த்தால் தெரியாதல்லவா?

இனி உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ‘ஜேன் டோ’வை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதல் நாள் ‘டார்க் ஹார்ஸ்’ மட்டும் கேளுங்கள், அது உங்கள் மெட்டல் காதுக்கு நெருக்கம். அடுத்து ‘ஏம்லெஸ் ஏரோ’, ‘கோரல் ப்ளூ’ இரண்டையும் வரிகள் உள்ள தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு ‘பிளட்மூன்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. இவற்றில் ஒன்றாவது இரண்டாம் முறை கேட்கத் தூண்டினால் ‘ஜேன் டோ’வுக்குத் திரும்புங்கள். ஆனால் முதல் பாட்டிலிருந்து வேண்டாம். பத்தாவது பாட்டின் அந்த 42 விநாடியிலிருந்து தொடங்கிக் கடைசி வரை போங்கள். இயர்போனில் கேட்காதீர்கள், காதுக்குள் மணலைக் கொட்டியது போல இருக்கும். ஒரு சுமாரான ஸ்பீக்கர் போதும். அதிலிருந்து ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து, டிரம்ஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அது பிடிபட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. பிடித்தால், எந்த இடத்தில் பிடித்தது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.